நீல வார்ச் செருப்பு

எங்க சுபிட்சா பிளாட்ஸ்ல, மூணாவது மாடியில, என் வீட்டுக்கு நேர் எதிர்ல இருக்குற மணிமொழி வீட்டு வாசல்ல ஆள் வராமலே செருப்பு மட்டும் வர ஆரம்பிச்சது ஒரு ஆடி மாசம், உறையூர்ல காத்து புழுதியை வாரி வாரி வீட்டுக்குள்ள இறைச்சுக்கிட்டிருந்த நேரம். துடைச்சுத் துடைச்சுக் கை ஓய்ஞ்சு கிடந்தோம், அதனால முதல்ல நாங்க யாரும் ஆச்சரியப்படல, எரிச்சல்தான் பட்டோம்.

நான் லோகநாயகி, எல்லாருக்கும் லோகாக்கா. வாய் கொஞ்சம் நீளம்னு சொல்வாங்க, சொல்லிட்டுப் போகட்டும். வீட்டுக்காரர் அரியலூர்ல சிமெண்ட் ஆலையில வேலை, சனிக்கிழமை வந்து சட்டையைத் துவைக்கப் போட்டுட்டு திங்கக்கிழமை கிளம்பிப் போறவர். நடுவுல இருக்குற நாளெல்லாம் நான் கதவைத் திறந்து வச்சுக்கிட்டு, கீரையை ஆஞ்சுக்கிட்டு, காரிடார்ல யார் வர்றா யார் போறான்னு பாத்துக்கிட்டு உக்காந்திருக்குறவ. அதனால இதை நான் சொன்னாத்தான் சரியா இருக்கும்.

மணிமொழிக்கு நாப்பது தாண்டியிருக்கும். அப்பா தமிழ் வாத்தியார், பொண்ணுக்கு மணிமொழி, பையனுக்கு இளஞ்செழியன்னு ஆசை ஆசையா பேர் வச்சுட்டு அவர் முன்னாடியே போய்ச் சேந்துட்டார். பையன் பெங்களூருக்கு வேலைக்குப் போய் அங்கயே குடும்பமாயிட்டான். பொண்ணு, படுக்கையில விழுந்த அம்மாவுக்கு மாத்திரை, கஞ்சி, துணி மாத்துறதுன்னு பாத்துப் பாத்தே கல்யாண வயசைத் தாண்டிட்டா. அந்தம்மா போன அன்னிக்கு அந்த வாசல்ல செருப்பு வைக்க இடமில்ல. பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு வாடகைக்கு எடுத்த நாற்காலியெல்லாம் லிப்ட்ல இறங்கிப் போச்சு, அதோட சரி. அப்புறம் அந்த வாசல்ல இருந்தது அவளோட பழுப்புச் செருப்பு ஒரு ஜோடிதான். ஒரு ஆஸ்பத்திரி பில்லையெல்லாம் வீட்டுல இருந்தே கம்ப்யூட்டர்ல ஏத்துற வேலை அவளுக்கு. அரிசி பருப்பு போன்ல சொன்னா வாசலுக்கு வந்துரும், கொண்டு வர்றவனும் பையை வச்சு அதை ஒரு போட்டோ பிடிச்சுக்கிட்டு ஓடிருவான். ஆக வெளிய போக அவளுக்கு ஒரு காரணமும் இல்லாமப் போச்சு, அந்தப் பழுப்புச் செருப்புல சிலந்தி வலை கட்டியிருந்ததை நான் என் கண்ணால பாத்தேன். பாவமா இருக்கும். ஆனா பாவம்னு நினைக்கிறதுக்கும் போய் ஒரு வார்த்தை பேசுறதுக்கும் நடுவுல ஒரு காரிடார் இருக்கு பாருங்க, அது பாக்கத்தான் சின்னது.

வீடு அண்ணன் தங்கச்சி ரெண்டு பேர் பேர்லயும் இருந்துச்சு. வருஷம் திரும்புறதுக்குள்ள செழியன் போன் பண்ணி, "தனியா அங்க என்ன பண்ணப் போற, வித்துரலாம், எங்க வீட்டு மாடி ரூம்ல வந்து இரு"ன்னுட்டான். அவளும் சரின்னுட்டா. வேண்டாம்னு சொல்றதுக்கும் ஆள் கூட வேணும்ல, ஒத்தையா இருக்குறவ எதுக்கும் சரின்னுதான் சொல்லுவா. உடனே புரோக்கர் தட்சிணாமூர்த்தி வந்தார், வெள்ளைச் சட்டை, நெத்தியில சந்தனம், பேச்சுல தேன். அவர் அனுப்பி பெனிட்டான்னு ஒரு பொண்ணு ஸ்கூட்டர்ல கேமராவும் ஒத்தைக்கால் ஸ்டாண்டுமா வந்து இறங்கிச்சு. வீட்டை இன்டர்நெட்ல போட்டு விக்கிறதுக்குப் படம் எடுக்குறதுதான் அதோட தொழிலாம்.

"எப்படி எடுக்கணும்கா?"ன்னு கேட்டுச்சு பெனிட்டா. "போட்டோவா எடுக்கலாம், வீடியோவா எடுக்கலாம், சுத்திப் பாக்குற மாதிரி எடுக்கலாம், இல்லன்னா எடுக்கவே வேண்டாம், கம்ப்யூட்டர்ல வரைஞ்சே போட்டுரலாம்."

"எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா. என்ன வித்தியாசம்?"

"போட்டோன்னா ஜன்னல்ல எட்டிப் பாத்துட்டுப் போற மாதிரிக்கா. வீடியோன்னா நான் அவங்க கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போற மாதிரி, நான் நின்னா நிக்கணும், நான் நடந்தா நடக்கணும். இந்த சுத்திப் பாக்குறது இருக்கே, அதுல அவங்களே உள்ள வந்து, பிடிச்ச இடத்துல நின்னு, திரும்பித் திரும்பிப் பாத்துட்டு, தோணுறப்ப கிளம்பலாம். வரைஞ்சா உங்க வீடு மாதிரி இருக்காது, ஆனா அழகா இருக்கும்."

மணி அந்தப் பொண்ணு முகத்தையே பாத்துக்கிட்டு ரொம்ப நேரம் யோசிச்சா. புடவை எடுக்கப் போனாக்கூட அவ்வளவு யோசிக்க மாட்டோம். அப்புறம், "உள்ள வர்ற மாதிரியே எடுத்துரும்மா"ன்னா. யாராவது உள்ள வரணும்னு அவளுக்கு இருந்துச்சு, வேறென்ன.

இங்கதான் ஒரு தப்பு நடந்துச்சு, நம்ம வீடுகள்ல மட்டும் நடக்குற தப்பு. வீட்டுக்கு வந்த பொண்ணுக்கு காபி கொடுக்காம எப்படின்னு மணி பில்டர் காபி போட்டு, பெனிட்டாவுக்கு ஒண்ணு, தனக்கு ஒண்ணுன்னு ரெண்டு டம்ளரை மேஜையில எதிரும் புதிருமா வச்சுட்டா. அந்தக் கேமராவுக்கு முதுகே கிடையாதாம், நாலா பக்கமும் கண்ணாம், அதனால எடுக்கும்போது வீட்டுல ஆள் இருக்கக் கூடாதுன்னு சொல்லி பெனிட்டா அவளையும் கூட்டிக்கிட்டு காரிடாருக்கு வந்துருச்சு. நாங்க மூணு பேரும் என் வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டிருந்தோம், ஆளில்லாத வீட்டு நடுக்கூடத்துல அது ஒத்தைக்கால்ல நின்னு கண்ணைச் சிமிட்டிக்கிட்டிருந்துச்சு. எல்லாம் முடிஞ்சப்பறம்தான் டம்ளர் ஞாபகம் வந்துச்சு. காபி ஆறி ஆடை கட்டிப் போயிருந்துச்சு.

"ஐயோ, டம்ளர் ரெண்டும் படத்துல வந்துருச்சேக்கா! மறுபடி எடுத்துரவா?"

"இருக்கட்டும்மா. வர்றவங்களுக்கு ஒண்ணு இருந்துட்டுப் போகட்டும்"னா மணி.

அன்னிக்கே அதை இன்டர்நெட்ல ஏத்திட்டாங்க. மறுநாள் காலையில நான் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தா, மணி வீட்டு வாசல்ல மினுமினுன்னு கல்லு வச்ச ஒரு ஹீல்ஸ் செருப்பு. யாரோ சொந்தக்காரங்க போலன்னு நினைச்சேன். பாலைக் காய்ச்சிட்டு வந்து பாத்தா ஹீல்ஸைக் காணோம், அந்த இடத்துல பெரிய பெரிய விளையாட்டு ஷூ, பக்கத்துல பாத்ரூம் ஸ்லிப்பர். கதவோ உள்பக்கம் தாழ்ப்பாள். மத்தியானத்துக்குள்ள சந்தைக்கடை மாதிரி ஆயிருச்சு, கூட்டுறதுக்கு வந்த பாக்கியம் தொடப்பத்தைக் கீழ போட்டுட்டு, "என்னக்கா இது, இவங்க வீட்டுல விசேஷமா, ஒரு சத்தத்தையும் காணோம்?"னு கேக்குறா. மணி கதவைத் திறந்து, குனிஞ்சு செருப்புகளைப் பாத்து, நிமிந்து என்னைப் பாத்து, "யாருமே வரலையேக்கா"ங்குறா.

விஷயத்தைப் பிடிச்சது பெனிட்டாதான். வேற வேலையா வந்த பொண்ணு தன் போனை எடுத்துப் பாத்துச்சு. இந்த வீட்டை இப்ப இத்தனை பேர் பாத்துக்கிட்டிருக்காங்கன்னு அதுல வருமாம். மணியோட பழுப்பைத் தள்ளிட்டு எண்ணினா, போன்ல காட்டின ஆளும் வாசல்ல கிடந்த ஜோடியும் சரியா இருந்துச்சு. போன்ல ஒரு ஆள் குறைஞ்சுச்சு, எங்க கண்ணு முன்னாடி ஒரு ஜோடி இல்லாமப் போச்சு. அவ்வளவுதான், புரிஞ்சு போச்சு. புரிஞ்சதுக்கப்பறம் அதுல ஆச்சரியப்பட என்ன இருக்கு? வீட்டுக்குள்ள வர்றவன் செருப்பைக் கழட்டிட்டுத்தானே வரணும், கால்ல வந்தா என்ன, போன்ல வந்தா என்னன்னு பாக்கியம் சொல்லிட்டு, செருப்பு ஓரமா தொடப்பத்தை விட்டுக் கூட்டிட்டுப் போயிட்டா.

ஆனா எங்க செகரட்டரி கங்காதரன் லேசுல விடுற ஆளா? அசோசியேஷன் மீட்டிங் போட்டாச்சு. இந்தச் செருப்புகளுக்கு கேட்ல என்ட்ரி போடணுமா வேண்டாமா, படியில வராத செருப்புக்கு வாட்ச்மேன் எப்படிப் பொறுப்பாவான், மழை நாள்ல சேறு ஒட்டி வந்தா காரிடாரைக் கழுவுற செலவு யாரோடதுன்னு ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்கப் பேசினாங்க. கடைசியில, செருப்பு மிதியடியைத் தாண்டக் கூடாதுன்னு ஒரு நோட்டீஸ் அடிச்சு லிப்ட்டுக்குள்ள ஒட்டினாங்க. நீங்க நம்புனாலும் சரி நம்பாட்டியும் சரி, மறுநாள்ல இருந்து ஒரு செருப்பும் தாண்டல. ரெண்டாவது மாடி பாலகுரு, நல்ல தோல் செருப்பு ஒண்ணு கிடக்கேன்னு அளவு பாக்குறதுக்குப் போட்டுக்கிட்டு லிப்ட் வரைக்கும் நடந்தான். அந்த நேரம் பாத்து அதுக்குச் சொந்தக்காரன் எங்கயோ போனை மூடிட்டான் போல, பாலகுரு வெறுங்கால்ல நின்னதை நாங்க எல்லாரும் பாத்தோம், இன்னைக்கும் என்னைக் கண்டா அவன் தலையைக் குனிஞ்சுக்குவான். பொம்பளைங்க சாயங்காலமானா மூணாவது மாடிக்கு வந்து, "இது வெளிநாட்டுச் செருப்பு, ஒரு பொட்டு மண்ணு ஒட்டல பாரு", "இவங்க வாங்குற ஆளு இல்லடி, குதிகால் இப்படித் தேஞ்சிருக்கு, சும்மா ஆசைக்குப் பாக்க வந்திருக்காங்க"ன்னு ஜோசியம் சொல்லுவாங்க. கங்காதரன் சம்சாரம் மட்டும் ஒத்தைப் பொம்பள இருக்குற வீட்டு வாசல்ல ஆம்பளச் செருப்பு கிடக்கலாமான்னு ஆரம்பிச்சா. "உங்க வீட்டு வாசல்ல கிடக்குற செருப்புக்கு நாங்க ஏதாவது கேட்டோமா?"ன்னேன். லிப்ட் பட்டனை அமுக்கப் போயிட்டா.

மணிதான் மாறிப்போனா. விடிஞ்சதும் வாசலைத் துடைச்சு, மிதியடிக்கு அந்தப் பக்கமா சின்னதா ஒரு கோலம் போடுவா, மழைக்காத்து அடிச்சா செருப்புகளை சுவர் ஓரமா நகத்தி வைப்பா. உள்ள ஏதாவது தெரியுதான்னு கேட்டேன்.

"ஒண்ணும் தெரியாதுக்கா. சத்தம்கூட இல்ல. ஆனா வாசல்ல செருப்பு இருக்குன்னு தெரிஞ்சா குக்கரை மெதுவா இறக்கி வைக்கிறேன். தலை வாரிக்கிறேன். நேத்து ஒரு பாட்டு முணுமுணுத்தேன், அப்புறம் வெக்கமாப் போச்சு."

அவங்க பாக்குறது இந்த மணியை இல்ல, எடுத்த அன்னிக்கு இருந்த ஆளில்லாத வீட்டை. இவளுக்குக் கிடைக்குறதோ செருப்பு மட்டும். அது இவளுக்கும் நல்லாத் தெரியும். அதுவாவது இருக்கேன்னுதான் இருந்தா.

அந்தச் செருப்புக் கூட்டத்துலதான் நீல வார் வந்துச்சு. சாதாரண ரப்பர் செருப்பு, பாதம் வெள்ளையா இருந்து மஞ்சளாகி, குதிகால் பக்கம் அட்டை மாதிரி தேஞ்சு, வலது கால் வார் அறுந்து அடியில ஒரு ஊக்கு குத்தியிருக்கும். மத்ததெல்லாம் ஒரு தரம் வந்தா மறுதரம் வராது, வீடு பாக்குறவங்க அப்படித்தானே. இது மட்டும் தினமும் சரியா காபி நேரத்துக்கு வரும், அரை மணி நேரம் இருக்கும், போகும். வீடு வாங்குறவங்க யாரும் ஒரே வீட்டைத் தினம் வந்து பாக்க மாட்டாங்க. மணி அந்த நேரத்துக்குக் கதவை ஒருக்களிச்சு வச்சுக்கிட்டு, ரெண்டு டம்ளர்ல காபி போட்டு வச்சுக்கிட்டு உக்காந்திருக்க ஆரம்பிச்சா. எதிர் டம்ளர் ஆறிப்போகும். அதையும் அப்புறம் அவளே குடிப்பா.

ஒரு நாள் என்கிட்ட வந்து, "அக்கா, கடைப்பக்கம் போனா நீல வார் ஒரு ஜோடி வாங்கிட்டு வர்றீங்களா?"ன்னா. அவளா வந்து என் வாசல்ல நின்னு ஒண்ணு கேட்டது அதுதான் முதல் தடவை. சின்னக்கடை வீதியில கடை கடையா ஏறி அந்த நீலத்துலயே வாங்கிட்டு வந்து கொடுத்தேன். காபி நேரத்துக்கு செருப்பு வந்துச்சோ இல்லையோ, சோப்புத் தண்ணியும் குறடுமா வந்து உக்காந்துட்டா. நான் செருப்பை அமுக்கிப் பிடிக்க, அவ வாரைச் சோப்புல நனைச்சு ஓட்டையில திணிச்சு, பல்லைக் கடிச்சுக்கிட்டு இழுக்க, எந்த நிமிஷம் மறைஞ்சு போகுமோன்னு ரெண்டு பேருக்கும் வேர்த்துக் கொட்டிருச்சு. கடைசி முடிச்சு உள்ள போய் உக்காந்ததும் செருப்பு போயிருச்சு. ஊக்கு மட்டும் அவ கையில இருந்துச்சு.

மறுநாள் அது வந்தப்ப குனிஞ்சு பாத்தேன். தேச்சுக் கழுவி, வெள்ளை வெளேர்னு, பக்கத்துல போனா சோப்பு வாசனை. அந்தப் பக்கம் இருக்குறவங்களுக்குப் புரிஞ்சிருக்கு. மணி அதைத் தொட்டுப் பாத்துட்டு உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டா. அழுதிருப்பா, நான் கேக்கல.

இந்த நேரத்துலதான் தட்சிணாமூர்த்தி ஆட்டத்தைக் கலைச்சார். செருப்புக் கதை பரவினா வீடு விலை போகாது, அந்தப் பழைய கட்டிலும் காபி டம்ளரும் பாக்கச் சகிக்கல, வரைஞ்ச படம் போட்டாத்தான் வேலை முடியும்னு பெங்களூருக்குப் போன் போட்டு செழியனைச் சம்மதிக்க வச்சுட்டார். மணிகிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கல. யாரோ எங்கயோ உக்காந்து அவ வீட்டை வரைஞ்சாங்க. அம்மா கட்டில் கிடந்த இடத்துல சாம்பல் கலர் சோபா, மூலையில ஒரு செடி, ஜன்னலுக்கு வெளிய எதிர் வீட்டுத் தண்ணித் தொட்டி இருக்குற இடத்துல நீல வானம். டம்ளர் போச்சு, மேஜையும் போச்சு. பழையதை எடுத்துட்டு இதைப் போட்ட நேரம் சாயங்காலம், காபி நேரம். வாசல்ல நீல வார்ச் செருப்பு கிடந்துச்சு.

அன்னிக்கு அது போகல.

இருட்டுற வரைக்கும் பாத்தோம், விடிஞ்சும் பாத்தோம், அங்கயே கிடக்கு. வேற செருப்பு ஒண்ணும் வரல; படத்துக்குள்ள போறதுக்கு யார் செருப்பைக் கழட்டுவா சொல்லுங்க. காரிடாரே வெறிச்சோடிப் போச்சு, கங்காதரன் நிம்மதியா நோட்டீஸைக் கிழிச்சார், பொம்பளைங்க மாடி ஏறி வர்றதை நிறுத்திட்டாங்க. மணி மட்டும் தினமும் அந்தச் செருப்பைத் துடைச்சு வச்சுட்டு, வாசப்படியிலயே உக்காந்திருந்தா.

"விடும்மா, ரப்பர் செருப்புதானே, வேற வாங்கியிருப்பாங்க"ன்னேன்.

"அறுந்த வாரை ஊக்கு குத்திப் போட்டவங்கக்கா, உடனே வேற வாங்கிருவாங்களா? இந்த வெயில்ல வெறுங்கால்ல நடக்குறாங்க. உள்ள இருக்கும்போதே நாம கதவை அடைச்சுட்டோம்கா. வீட்டுக்கு வந்தவங்களை இப்படியா பண்ணுவாங்க?"



அந்த வாரமே தட்சிணாமூர்த்தி ஒரு புருஷன் பெஞ்சாதியைக் கூட்டிக்கிட்டு வந்தார். அந்தப் பொண்ணு வீட்டைச் சுத்திப் பாத்துட்டு, "படத்துல வானம் தெரிஞ்சுச்சே?"ன்னு கேட்டுச்சு, இருந்தாலும் பிடிச்சுப் போச்சாம், அட்வான்ஸ் கொடுக்க ரெடியாம். புரோக்கர் முகம் பூரிச்சுப் போய், "நீங்க சம்மதிச்சு ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சதும்மா"ன்னார். நான் என் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். எதுக்கும் சரின்னு சொல்ற அந்த மணி, வாசல்ல கிடந்த செருப்பைக் கை காட்டி, "இது இங்க கிடக்குற வரைக்கும் நான் எங்கயும் கையெழுத்துப் போட மாட்டேன். முதல்ல பழைய படத்தைப் போடுங்க"ன்னா.

"அதெல்லாம் அழிச்சாச்சும்மா. எங்க போய்த் தேடுறது?"

"அப்ப எனக்கும் கையெழுத்துப் போடத் தெரியாது."

எனக்குக் கை தட்டணும் போல இருந்துச்சு. வந்தவங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டு லிப்ட்டுக்குப் போயிட்டாங்க. தட்சிணாமூர்த்தி படியில இறங்கும்போது என்னென்னமோ சொல்லிக்கிட்டே இறங்கினார், சந்தனம் வேர்வையில வழிஞ்சுச்சு.

மணி பெனிட்டாவுக்குப் போன் பண்ணினா. அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு, அன்னிக்கே வந்துச்சு. "அதே மாதிரி எடுத்துத் தர்றேன்கா, ரெண்டு டம்ளரையும் வைங்க, வாங்க வெளிய நிப்போம்"னுச்சு.

"நான் வெளிய வரல. நான் உள்ள உக்காந்திருக்கேன்."

"அக்கா, ஆள் இருக்குற வீட்டை யாரும் பாக்க மாட்டாங்க. பாக்குறவங்க அதைத் தன் வீடா நினைச்சுப் பாக்கணும். நீங்க உக்காந்திருந்தா அது உங்க வீடுன்னு தெரிஞ்சுரும்."

"தெரியட்டும்மா. என் வீடுதானே."

கதவை விரியத் திறந்து வச்சா, வாசல்ல கிடந்த நீல வார்ச் செருப்பு நல்லாத் தெரியுற மாதிரி. பச்சைக் கலர் சேலை ஒண்ணு கட்டிக்கிட்டா. ஆவி பறக்க ரெண்டு டம்ளரை மேஜையில வச்சு, ஒரு பக்கம் அவ உக்காந்து, எதிர் நாற்காலியைக் கொஞ்சம் இழுத்து வச்சு, யாரோ வரப்போறாங்கங்குற மாதிரி அந்தக் கேமராவை நேராப் பாத்தா. பெனிட்டாவும் நானும் என் வீட்டுக்குள்ள போய் ஒளிஞ்சுக்கிட்டோம். அவ சிரிச்சாளான்னு எனக்குத் தெரியல. அப்புறம் படத்துல பாத்தப்ப, சிரிக்கலாமா வேண்டாமான்னு நினைக்கிற முகமா இருந்துச்சு.

அதைப் போட்டு ரெண்டு நாள் ஒண்ணும் நடக்கல. மூணாம் நாள் காபி நேரத்துல நான் பாத்துக்கிட்டே இருக்கேன், செருப்பு போயிருச்சு. வாசல்ல அவளோட பழுப்புச் செருப்பு மட்டும்தான் மிச்சம். மணி நெஞ்சுல கை வச்சுக்கிட்டு, "போட்டுக்கிட்டாங்கக்கா, போட்டுக்கிட்டாங்க"ன்னு சொல்றா, சிரிக்கிறா, கண்ணுல தண்ணி ஊத்துது. இனிமே வராம போயிட்டா என்ன பண்றதுன்னு அவ கேக்கவும் இல்ல, நான் சொல்லவும் இல்ல. அன்னிக்குப் பூரா ரெண்டு பேரும் அதைத்தான் நினைச்சுக்கிட்டிருந்தோம்.

மறுநாள் வந்துச்சு.

வேற யாரும் வரல. எப்பவாவது ஒரு ஷூ வரும், உள்ள ஒரு பொம்பள உக்காந்திருக்கறதைப் பாத்துட்டு, தப்பான வீட்டுக்குள்ள நுழைஞ்சவன் மாதிரி வந்த வேகத்துல போயிரும். ஒரு தடவை மட்டும் பாலீஷ் போட்ட கறுப்பு ஷூ ஒண்ணு, உள்ள சாக்ஸைச் சுருட்டி வச்சு, வந்து நின்னுச்சு. மணி பாத்ததுமே, "எங்க அண்ணன்"னா. சின்ன வயசுல இருந்து சாக்ஸை அப்படித்தான் சுருட்டி வைப்பானாம். சண்டை போடணும்னுதான் செழியன் அந்தப் படத்தைத் திறந்திருப்பான். உள்ள அவங்க அம்மா கட்டில் அப்படியே கிடந்துச்சு, தங்கச்சி ஒத்தையா காபியை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா. அந்த ஷூ அந்தி சாஞ்சும் போகல. மணி முந்தானையால அதோட தூசியைத் துடைச்சு விட்டா. அப்புறம் வீடு விக்கிற பேச்சையே அவன் எடுக்கல, படத்தை இன்டர்நெட்ல இருந்து தூக்கச் சொல்லவும் இல்ல. ஏன்னு அவளும் கேக்கல. நேர்ல வந்திருக்கலாம் கடன்காரன். வரல.

ஐப்பசியில பெனிட்டா ஒரு சேதியோட வந்துச்சு. தங்கச்சிமடம் பக்கத்துல இருந்து ஒரு அம்மா போன் பண்ணினாங்களாம், பேர் அற்புதமேரியாம். தன் வீட்டைப் படம் எடுக்கணும், வந்துட்டுப் போன்னாங்களாம்.

"விக்கிறதுக்கான்னு கேட்டேன், இல்லன்னாங்க. வாடகைக்கான்னேன், அதுவும் இல்லன்னாங்க. திருச்சியில ஒரு பொண்ணு காபி வச்சுக்கிட்டு உக்காந்திருக்குமே, அந்த வீட்டை எடுத்த மாதிரி எடுத்துக் கொடுன்னாங்க. போய் எடுத்துட்டு வந்துட்டேன்கா. ஒரே ரூம், ஓட்டு வீடு, பின்னாடி கடல். சுவத்துல மாலை போட்ட போட்டோ ரெண்டு, அவங்க வீட்டுக்காரரும் பையனும். வேற யாரும் இல்ல."

மணி கேட்டா: "இங்க எதுக்கு வந்தாங்களாம்?"

"யாரோ போன்ல காட்டுனாங்களாம். மேஜையில ரெண்டு டம்ளர் இருந்துச்சாம். ஒண்ணு தனக்குன்னு நினைச்சுக்கிட்டாங்களாம். ரெண்டு கால்லயும் கொப்புளம்கா அவங்களுக்கு, இப்ப ஆறிருச்சு."

போன்ல காட்டிச்சு. ஓட்டு வீடு, பிளாஸ்டிக் நாற்காலியில நரைச்ச தலையோட ஒரு அம்மா, தோள்ல துண்டு, முன்னாடி ஒரு ஸ்டூல்ல ரெண்டு கிளாஸ் பால் விடாத கட்டங்காபி. எதிர்ல இன்னொரு நாற்காலி காலியா, கொஞ்சம் இழுத்து வச்சு. மணி போனை வாங்கி நெஞ்சோட அணைச்சுக்கிட்டா.

"இப்பவே போயிட்டு வாயேன்"னேன்.

"இப்ப அவங்க இங்க வர்ற நேரம்கா. அவங்க இங்க வர்றப்ப நான் அங்க போனா, வீட்டுல யாரும் இல்லன்னு ரெண்டு பேரும் திரும்பி வர வேண்டியதுதான். அவங்க வந்து போகட்டும்."

நியாயம்தானே. காபி நேரத்துக்கு நீல வார்ச் செருப்பு வந்துச்சு, அரை மணி நேரம் இருந்துச்சு, போச்சு. அப்புறம் மணி முகத்தைக் கழுவி, தலை வாரி, பூ வச்சுக்கிட்டு, வாசலுக்கு வந்து அந்தப் பழுப்புச் செருப்பைத் தட்டி சிலந்தி வலையை எடுத்தா. உள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிட்டா. நான் கீரையைக் கீழ வச்சுட்டுப் பாத்துக்கிட்டே இருந்தேன். பழுப்புச் செருப்பு வாசல்ல இல்ல. என் கண்ணு அந்த வெறுந்தரையை விட்டு நகரல. கூட யாரையாவது அனுப்பியிருக்கணுமோ, பத்திரமா வந்துருவாளோன்னு, உள்ள நாற்காலியில உக்காந்திருக்குறவளுக்காகப் பதறிக்கிட்டிருந்தேன், பைத்தியம் மாதிரி.

விளக்கு வைக்கிற நேரம் திரும்பி வந்துச்சு.

மறுநாள் காலையில பாக்கியம் தொடப்பத்தோட வந்து நின்னு, அந்தச் செருப்பையும் அதைச் சுத்தி உதிந்து கிடந்ததையும் குனிஞ்சு பாத்தா. ஈரம் காயாத வெள்ளை மணல், அதுல பொடிப் பொடியா கிளிஞ்சல்.

"ஏன்கா, இங்க ஏது கடல் மண்ணு?"

"அதைக் கூட்டாத, அப்படியே விடு"ன்னேன். "நேத்து சாயங்காலம் மணி வெளிய போயிருந்தா."